ஓட்டுநரில்லா கார்களின் விபத்துக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓட்டுநரில்லா டாக்சிகள் அதிகம் ஓடுவது அமெரிக்காவிலும் சீனாவிலும். விபத்து விவரங்களை யார் வேண்டுமானாலும் தரவிறக்கிப் பார்க்கும்படி அரசே வெளியிடுவது அமெரிக்காவில். அதனால் இந்தப் பக்கம் பெரும்பாலும் அமெரிக்கச் சாலைகளைப் பற்றியது. இந்தியக் கார்களில் வரும் ஓட்டுநர் உதவி பற்றிய கேள்வி ஒன்று பின்பகுதியில் இருக்கிறது.

செய்திகளில் "தானாக ஓடும் கார்" என்று வருவதெல்லாம் ஒரே வகைதானா?

இல்லை. குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. எஸ்ஏஇ என்ற பொறியாளர் அமைப்பின் ஜே3016 தரநிலை 0 முதல் 5 வரை ஆறு நிலைகளைப் பிரிக்கிறது. சாலைப் பாதுகாப்புக்கு முக்கியமானவை நிலை 2, 3, 4.

நிலை 2-இல் கார் ஸ்டீயரிங்கைத் திருப்பும், வேகத்தைக் கூட்டும், குறைக்கும். ஆனால் ஓட்டுபவர் நீங்கள்தான். கண் சாலையை விட்டு அகலக் கூடாது. டெஸ்லாவின் ஆட்டோபைலட், ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) சூப்பர் குரூஸ் இரண்டும் இந்த நிலையில் வருபவை. நிலை 3-இல் குறிப்பிட்ட சூழலில் மட்டும் கார் ஓட்டும், அழைத்தால் நீங்கள் பொறுப்பேற்க வேண்டும். 2021-இல் ஜப்பானில் வந்த ஹோண்டா லெஜண்ட், பிறகு வந்த மெர்சிடிஸ் டிரைவ் பைலட் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டு. நிலை 4-இல் ஓட்டுநர் இருக்கையே காலியாக இருக்கலாம். ஆனால் வரையறுத்த ஊர், சாலை, வானிலைக்குள் மட்டும். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டின் வேமோ டாக்சி இந்த நிலை.

நிலை 2 காரில் நடந்த விபத்தை "ஓட்டுநரில்லா கார் மோதியது" என்று எழுதினால் அது பிழையான செய்தி. அந்தக் காரில் ஓட்டுநர் இருந்தார், பெரும்பாலும் கவனம் சிதறியிருந்தார்.

அமெரிக்காவில் இந்த விபத்துகள் எப்படிப் பதிவாகின்றன?

இரண்டு வழிகள். முதலாவது மத்திய அரசின் வழி. தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், சுருக்கமாக நிட்ஸா, 2021 ஜூனில் ஒரு நிலையாணை பிறப்பித்தது. மோதலுக்கு முந்தைய 30 வினாடிக்குள் தானியங்கி அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால் நிறுவனம் அறிக்கை தர வேண்டும். மனிதர் கடைசி நொடியில் பிரேக்கை மிதித்து அமைப்பை அணைத்துவிட்டாலும் கணக்கிலிருந்து தப்ப முடியாது என்பதற்காகவே அந்த 30 வினாடி.

இரண்டாவது மாநில வழி. கலிஃபோர்னியாவில் சோதனை உரிமம் பெற்ற நிறுவனம், மோதல் நடந்த 10 நாளுக்குள் ஓஎல் 316 என்ற படிவத்தை மாநில வாகனத் துறைக்கு அனுப்ப வேண்டும். எந்தப் பக்கம் அடிபட்டது, யார் எந்தத் திசையில் போனார்கள் என்ற விவரம் அதில் இருக்கும்.

அந்தக் கோப்பை எடுத்து எண்ணினால் எந்த நிறுவனம் மோசம் என்று தெரிந்துவிடுமா?

தெரியாது. நிட்ஸா 2022 ஜூனில் முதல் தொகுப்பை வெளியிட்டபோது நிலை 2-இல் 392 மோதல்கள் இருந்தன. அவற்றில் 273 டெஸ்லா, 90 ஹோண்டா. உயர்நிலைத் தானியங்கி வண்டிகளில், அதாவது நிலை 3 முதல் 5 வரையிலானவற்றில், 130. அவற்றில் 62 வேமோ. உடனே பல ஊடகங்கள் தரவரிசை போட்டன. அந்த வரிசைக்கு அர்த்தமே இல்லை. காரணங்கள் மூன்று.

எத்தனை மைல் ஓடியதில் 273 என்ற தகவல் அந்தக் கோப்பில் இல்லை. அடுத்து, டெஸ்லா கார்கள் மோதலை இணையம் வழியாகத் தாமாகவே நிறுவனத்துக்குச் சொல்லிவிடும். பிற நிறுவனங்கள் பலவற்றுக்கு வாடிக்கையாளர் புகார் செய்தால்தான் தெரியும். அதிகம் தெரிந்துகொள்பவர் அதிகம் மோதுபவராகத் தோன்றுவார். மூன்றாவது, முதல் ஆணைப்படி நிலை 4 வண்டி பம்பரில் கீறல் பட்டாலும் அறிக்கை தர வேண்டும். நிலை 2-க்கோ உயிரிழப்பு, மருத்துவமனைச் சிகிச்சை, ஏர்பேக் விரிதல், பாதசாரி அல்லது சைக்கிள்காரர் மீது மோதல், வண்டியை இழுத்துச் செல்ல நேர்தல் போன்றவை மட்டும். 2025 ஜூனில் இந்த வரம்புகள் மாற்றப்பட்டன. உயர்நிலை வண்டிகளுக்கும் 1,000 டாலர் சேத வரம்பு வந்தது. ஆகவே அந்த மாதத்துக்குப் பிறகு எண் இறங்கினால், "விபத்து குறைந்தது" என்று எழுதும் முன் விதி மாறியதை நினைவில் கொள்ளுங்கள்.

நீங்களே எண்ண விரும்பினால் இப்படிச் செய்யுங்கள். நிலை 2 கோப்பையும் உயர்நிலைக் கோப்பையும் ஒருபோதும் ஒட்டாதீர்கள். ஒரே அறிக்கைக்குத் திருத்தப் பதிப்புகள் பல வரும். அறிக்கை எண்ணை வைத்துக் கடைசிப் பதிப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மோதலைக் கார் தயாரிப்பாளரும் அதை இயக்குபவரும் தனித்தனியே அறிவித்திருப்பார்கள். "சேம் இன்சிடென்ட் ஐடி" என்ற பத்தியில் ஒரே குறியீடு இருந்தால் அது ஒரே மோதல். பிறகு காயத்தின் கடுமை, மோதலுக்கு முன் தானியங்கி வண்டி செய்துகொண்டிருந்தது, எதிராளி செய்துகொண்டிருந்தது ஆகிய மூன்று பத்திகளையும் சேர்த்து வாசியுங்கள். "நின்றுகொண்டிருந்தது" என்ற பதிவு எத்தனை முறை வருகிறது என்று பார்த்தாலே கோப்பின் தன்மை புரியும்.

நின்றுகொண்டிருந்த கார் எப்படி விபத்துக் கணக்கில் வரும்?

வரும். 2025 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் மிக வேகமாக வந்த ஒரு கார், நின்றிருந்த வாகனங்கள் மீது மோதியது. அவற்றில் ஆளில்லாத வேமோ ஒன்றும் இருந்தது. வேறொரு காரில் இருந்தவர் இறந்தார். வேமோ எதையும் செய்யவில்லை, ஆனாலும் "வேமோ தொடர்புடைய உயிரிழப்பு" என்ற வரிசையில் அது பதிவாகும். கோப்பு யார் குற்றவாளி என்று சொல்வதில்லை. யார் இருந்தார்கள் என்றே சொல்கிறது.

இந்தக் கார்களில் பின்னால் வந்து மோதும் விபத்து ஏன் இத்தனை அதிகம்?

கலிஃபோர்னியப் படிவங்களில் ஆரம்பம் முதலே மேலோங்கி நிற்பது இதுதான். சிக்னலிலோ சந்திப்பிலோ தானியங்கி வண்டி மெதுவாகும். பின்னால் வரும் மனிதர் அது போய்விடும் என்று எண்ணி இடித்துவிடுவார். மஞ்சள் விளக்கில் விரைந்து கடப்பது, வலது பக்கம் திரும்பும்போது முழுதாக நிற்காமல் ஊர்ந்து போவது எல்லாம் அமெரிக்க ஓட்டுநர்களிடம் சாதாரணம். இயந்திரம் நின்றுவிடுகிறது.

சட்டப்படி பிழை பின்னால் வந்தவருடையதாக இருக்கலாம். அதற்காக வண்டியை முழுதாக விட்டுவிட முடியாது. பக்கத்துத் தெருவின் நிழலையோ நீராவியையோ கண்டு சட்டென்று பிரேக் போடும் மென்பொருள், பின்னால் வருபவருக்கு ஆபத்தை உண்டாக்குகிறது. டெஸ்லாவில் காரணமின்றிப் பிரேக் விழுவதாக 354 புகார்கள் வந்ததால் 2022 பிப்ரவரியில் நிட்ஸா விசாரணை தொடங்கியது.

சரி, மனிதர்களோடு ஒப்பிட்டால் எப்படி?

ஒப்பிட மூன்று பொருத்தங்கள் வேண்டும்: அதே ஊர், அதே வகைச் சாலை, அதே கடுமை. நெடுஞ்சாலையில் ஒரு மைலுக்கு நடக்கும் மோதல் நகரத் தெருவை விடக் குறைவு. அதனால் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் இயக்கப்படும் ஓட்டுநர் உதவியை, எல்லாச் சாலைகளும் சேர்ந்த தேசிய சராசரியோடு வைத்தால் அது தானாகவே நல்லதாகத் தெரியும். புதிய கார், நல்ல டயர், வசதியான உரிமையாளர் என்பவையும் அந்தப் பக்கமே சாயும்.

இன்னொரு பக்கமும் உண்டு. மனிதர்கள் எல்லா மோதலையும் போலீசில் சொல்வதில்லை. பொருட்சேதம் மட்டும் நேர்ந்தவற்றில் சுமார் 60 சதவீதமும், காயம் நேர்ந்தவற்றில் சுமார் 32 சதவீதமும் போலீஸ் பதிவுக்கு வருவதில்லை என்பது நிட்ஸாவின் மதிப்பீடு. தானியங்கி வண்டியோ கீறலையும் சொல்கிறது. சிறு மோதல்களை வைத்து ஒப்பிட்டால் இயந்திரத்துக்கு அநீதி. ஆகவே ஏர்பேக் விரிந்தது, காயம் பட்டது போன்ற மறைக்க முடியாத அளவுகளை வைத்தே ஒப்பிட வேண்டும்.

அப்படி ஒப்பிட்ட ஆய்வு இருக்கிறதா?

இருக்கிறது. வேமோ 2025 ஜனவரி வரை ஓட்டுநர் இல்லாமல் ஓடிய 5.67 கோடி மைல்களை ஃபீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலிஸ், ஆஸ்டின் ஆகிய ஊர்களின் மனித ஓட்டுநர் அளவோடு வைத்த ஆய்வு "டிராஃபிக் இஞ்சுரி பிரிவென்ஷன்" இதழில் வந்தது. பாதசாரிக்குக் காயம் நேர்ந்த மோதல் 92 சதவீதம் குறைவு; சைக்கிள்காரருக்கும் மோட்டார் சைக்கிள்காரருக்கும் 82 சதவீதம் குறைவு; சந்திப்பில் வண்டியோடு வண்டி மோதிக் காயம் நேர்வது 96 சதவீதம் குறைவு. காப்பீட்டுக் கோரிக்கைகளை வைத்து ஸ்விஸ் ரீ என்ற மறுகாப்பீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து செய்த 2.53 கோடி மைல் ஆய்வில் பொருட்சேதக் கோரிக்கை 88 சதவீதமும் உடற்காயக் கோரிக்கை 92 சதவீதமும் குறைவு.

எழுதியவர்கள் வேமோவின் ஆட்கள் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் அவர்கள் மைல் கணக்கையும் மோதல் பட்டியலையும் வெளியிட்டிருக்கிறார்கள். வெளியாட்கள் சரிபார்க்க முடியும். அது பெரிய விஷயம். காயங்களைப் பொறுத்தவரை இது வலுவான சான்று என்றே கருதுகிறோம். அந்தச் சான்று வேமோவுக்கு, அந்த ஊர்களின் நகரத் தெருக்களுக்கு மட்டும் பொருந்தும். பனி கொட்டும் ஊருக்கோ வேறு நிறுவனத்துக்கோ அதைக் கடன் கொடுக்க முடியாது. மைல் கணக்கை வெளியிடாத நிறுவனம் "நாங்களும் பாதுகாப்பானவர்கள்" என்றால் அதை ஏற்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

உயிரிழப்பும் குறைந்துவிட்டது என்று சொல்லலாமா?

இன்னும் இல்லை, கணக்கு இடம் தரவில்லை. அமெரிக்காவில் 2023-இல் 40,901 பேர் சாலையில் இறந்தார்கள். ஓடிய தூரத்தோடு வகுத்தால் 10 கோடி மைலுக்கு சுமார் 1.26 பேர். 5.67 கோடி மைலில் சராசரி மனிதர்கள் ஓட்டியிருந்தாலும் எதிர்பார்க்கக்கூடியது 0.7 மரணம். ஒன்றுகூட நேராமல் போவது மனிதர்களுக்கும் சாத்தியமே.

புள்ளியியலில் எளிய வழி ஒன்று உண்டு. ஒரு நிகழ்வு ஒருமுறைகூட நேராவிட்டால், 3-ஐ மொத்த மைலால் வகுத்தால் 95 சதவீத நம்பிக்கையுடன் மேல் வரம்பு கிடைக்கும். 10 கோடி மைலுக்கு 1.09 மரணம் என்ற அளவுக்கு (2013-இன் அமெரிக்கச் சராசரி) மேல் போகாது என்று நிரூபிக்க 27.5 கோடி மைல் ஒரு மரணமும் இன்றி ஓட வேண்டும். ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தின் 2016 அறிக்கை சொன்ன எண்ணும் இதுவே. நடுவில் மென்பொருளை அடியோடு மாற்றினால், பழைய மைல் புதிய பதிப்புக்கு எவ்வளவு செல்லும் என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும்.

விடியல், அந்தி நேரத்தில் இவை மோசம் என்கிறார்களே?

மத்திய ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் "நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்" இதழில் எழுதிய ஆய்வு அது. மோதிய தானியங்கி வண்டிகள் 2,100, மனிதர் ஓட்டி மோதியவை 35,113. பெரும்பாலான சூழல்களில் தானியங்கி வண்டிகளுக்கு விபத்து வாய்ப்பு குறைவு. விடியல், அந்தி வெளிச்சத்தில் 5.25 மடங்கும் திரும்பும்போது 1.98 மடங்கும் அதிகம் என்று வந்தது. இதில் நிலை 2-உம் உயர்நிலையும் கலந்திருக்கின்றன. மேலும் மோதியவற்றுக்குள்தான் ஒப்பீடு, எத்தனை மைல் அந்தியில் ஓடின என்பது உள்ளே இல்லை. எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். தாழ்ந்த சூரியன் கேமராவைக் கூச வைக்கும் என்பது மட்டும் பொறியாளர்கள் எல்லாருக்கும் தெரிந்த சிக்கல். கேமராவோடு லிடார் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி), ரேடார் வைத்திருக்கும் வண்டிக்கு அங்கே ஒரு துணை இருக்கிறது.

2018-இல் டெம்பியில் என்ன நடந்தது?

அரிசோனா மாநிலம் டெம்பியில், மார்ச் 18 இரவு, ஊபரின் சோதனைக் கார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் ஒருவர் மீது மோதியது. அவர் இறந்தார். தானியங்கிச் சோதனைக் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர்.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை அறிக்கை, இந்தத் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டியது. மோதலுக்கு 5.6 வினாடி முன்பே ரேடார் அவரைக் கண்டுவிட்டது. வண்டி மணிக்கு சுமார் 69 கிலோமீட்டரில் வந்தது, 5.6 வினாடி என்றால் 100 மீட்டருக்கும் மேல். நல்ல பிரேக்கில் 30 மீட்டருக்குள் நிற்க முடியும். நிற்காததற்குக் காரணம் மென்பொருளின் அமைப்பு. அவரை "வாகனம்", "வேறு பொருள்", "சைக்கிள்" என்று மாற்றி மாற்றி வகைப்படுத்தியது. ஒவ்வொரு முறை வகை மாறியபோதும் அவர் முன்பு நகர்ந்த தடத்தை மறந்து புதிதாகக் கணித்தது. குறுக்குக் கோடு இல்லாத இடத்தில் ஒருவர் கடப்பார் என்ற எண்ணமே நிரலில் இல்லை. வீணாகப் பிரேக் போடாதிருக்க ஒரு வினாடி பொறுக்கும்படியும் செய்திருந்தார்கள். வால்வோ காரில் இருந்த அவசரப் பிரேக் அமைப்பு, சோதனைக் கருவியோடு முரண்படும் என்று அணைக்கப்பட்டிருந்தது. மேற்பார்வைக்கு அமர்ந்திருந்தவர் கைப்பேசியில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார். ஊபரின் பாதுகாப்பு ஏற்பாடுகள் போதாதவை என்றும் வாரியம் குறிப்பிட்டது.

க்ரூஸ் நிறுவனம் ஏன் மூடப்பட்டது?

க்ரூஸ் என்பது ஜிஎம்மின் ரோபோ டாக்சி நிறுவனம். 2023 அக்டோபர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில் மனிதர் ஓட்டிய கார் ஒரு பெண்ணை இடித்து க்ரூஸ் டாக்சியின் பாதையில் வீசியது. டாக்சி அவர் மீது மோதி நின்றது. அதுவரை யாராலும் தவிர்க்க முடியாத விபத்து என்று வாதிடலாம். அடுத்து நடந்ததை மன்னிக்க முடியாது: வண்டி அதைப் பக்கவாட்டு மோதல் என்று தவறாகக் கணித்து, ஓரம் ஒதுங்க முயன்று, அடியில் சிக்கியவரை சுமார் 20 அடி இழுத்துச் சென்றது. மோதிய பிறகு ஓரம் கட்டுவது வழக்கமான நல்ல விதி. வண்டிக்கு அடியில் யாராவது இருக்கிறார்களா என்ற சோதனை அந்த விதிக்கு முன்னால் வந்திருக்க வேண்டும்.

இழுத்துச் சென்றதை நிறுவனம் அதிகாரிகளுக்கு முழுமையாகச் சொல்லவில்லை. அக்டோபர் 24-இல் கலிஃபோர்னியா உரிமத்தை நிறுத்தியது. 950 வண்டிகளின் மென்பொருள் திரும்பப் பெறப்பட்டது. 2024-இல் நிட்ஸா 15 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜிஎம் ரோபோ டாக்சிக்கான நிதியை நிறுத்தியது.

மென்பொருளைத் "திரும்பப் பெறுவது" என்றால் என்ன? அதில் என்ன மாதிரிப் பிழைகள் தெரிகின்றன?

பெரும்பாலும் வண்டி பட்டறைக்குப் போவதில்லை. புதிய பதிப்பு ஏற்றப்படும், சட்டப்படி அது பதிவாகும். பட்டியலைப் படித்தால் மனிதர்கள் செய்யாத தவறுகள் கண்ணில் படும். 2023 டிசம்பரில் ஃபீனிக்ஸில், பின்பக்கமாகக் கோணலாக இழுத்துச் செல்லப்பட்ட ஒரே பிக்கப் வண்டியைச் சில நிமிட இடைவெளியில் இரண்டு வேமோக்கள் இடித்தன. அது நகரும் விதத்தைக் கணிக்கத் தெரியவில்லை. 2024-இல் சந்து ஒன்றில் மின்கம்பத்தில் மோதியதால் 672 வண்டிகளின் மென்பொருள் திரும்பப் பெறப்பட்டது. 2025-இல் சங்கிலி, கேட் போன்ற தடுப்புகளில் மோதியதால் 1,212 வண்டிகள். நிறுத்திய பள்ளிப் பேருந்துகளைக் கடந்து போனதும் அதே ஆண்டு பெரிய பிரச்சினையானது. ஒரு பிழை இருந்தால் அத்தனை வண்டியிலும் அதே பிழை இருக்கும். திருத்தினால் அத்தனையிலும் திருந்தும்.

நிலை 2 கார்கள் நின்ற தீயணைப்பு வண்டியில் போய் ஏன் மோதுகின்றன?

மேம்பாலம், அறிவிப்புப் பலகை, சாலையில் கிடக்கும் இரும்பு மூடி எல்லாமே ரேடாருக்கு நிற்கும் பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் ஓட்டவே முடியாது என்பதால், அசையாதவற்றை வடிகட்டும் வழக்கம் உண்டானது. முன்னால் போன கார் விலகியதும் திடீரென்று தெரியும் நின்ற லாரி அந்த வடிகட்டியில் தொலைந்துபோகும். ஓட்டுநர் பார்த்துக்கொள்வார் என்பதே வடிவமைப்பின் எண்ணம்.

அவர் பார்க்கவில்லை. ஆட்டோபைலட் பற்றிய விசாரணையில் நிட்ஸா 956 மோதல்களை ஆராய்ந்தது. நேர்முகமாக மோதியவற்றில் போதிய தரவு இருந்த 109-இல், 59 தடவை ஆபத்து 5 வினாடியோ அதற்கு மேலோ கண்ணுக்குத் தெரிந்திருந்தது. ஒழுங்காக ஓடும் இயந்திரத்தைக் கண்காணிப்பது மனிதருக்கு மிகக் கடினமான வேலை. கை ஸ்டீயரிங்கில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் எச்சரிக்கை போதாது. கண் எங்கே பார்க்கிறது என்று கவனிக்கும் கேமரா வேண்டும்.

விபத்துகளில் 94 சதவீதம் மனிதத் தவறு. மனிதரை நீக்கினால் அத்தனையும் நீங்குமா?

நீங்காது. 94 சதவீதம் என்ற எண் நிட்ஸாவின் ஆய்வு ஒன்றில் வந்தது. காரணங்களின் சங்கிலியில் கடைசிக் கண்ணி ஓட்டுநரிடம் இருந்தது என்பதே அதன் பொருள். சாலை வடிவம், வேக வரம்பு, வெளிச்சம் ஆகியவை காரணமில்லை என்று அது சொல்லவே இல்லை. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கழகம் 2020-இல் கணித்தபடி, பார்வையும் கவனமும் மட்டும் சீரானால் சுமார் மூன்றில் ஒரு பங்கு மோதல்தான் தவிரும். மற்றவற்றுக்கு இயந்திரம் மெதுவாகப் போகவும் விட்டுக்கொடுக்கவும் வேண்டும். அது பயணியின் அவசரத்துக்கு எதிரானது.

இந்தியாவில் விற்கும் அடாஸ் (ஓட்டுநர் உதவி) கார் வைத்திருக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

2021-இல் வந்த மஹிந்திரா எக்ஸ்யூவி700 தொடங்கி இங்கே கிடைப்பவை நிலை 2 உதவிகள்தான். அமெரிக்க டாக்சி எண்கள் இவற்றுக்குப் பொருந்தாது. இந்தியாவில் 2022-இல் சாலையில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். எதிர்த்திசையில் வரும் பைக், விளக்கில்லாமல் நிற்கும் லாரி, அழிந்த கோடுகள் கொண்ட சாலைதான் இங்கே இயந்திரத்துக்கு வைக்கும் தேர்வு.

முன்கண்ணாடி மாற்றினால் அதன் பின்னால் இருக்கும் கேமராவைச் சீரமைக்கச் சொல்லுங்கள். ஒரு டிகிரி கோணம் பிசகினால் 50 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் விலகும், பக்கத்துத் தடத்துப் பைக் உங்கள் தடத்தில் இருப்பதாகத் தெரியும். பம்பருக்கோ கிரில்லுக்கோ பின்னால் இருக்கும் ரேடாரை நம்பர் பிளேட், இரும்புக் கம்பி, அலங்கார ஸ்டிக்கர் எதுவும் மறைக்கக் கூடாது. மழைக்குப் பின் சேற்றைத் துடையுங்கள். கோடு இல்லாத சாலையில் தட உதவியை அணைத்துவிடுங்கள். அவசரப் பிரேக்கை அணைக்காதீர்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில், மனிதர் உணர்ந்து மிதிக்க எடுக்கும் ஒன்றரை வினாடியில் கார் 25 மீட்டர் போய்விடும். அந்த 25 மீட்டரில் ஒரு பகுதியை அது மீட்டுத் தரும்.

ரோபோ டாக்சி ஓடும் ஊரில் என் கார் மீது அது இடித்துவிட்டால்?

முதலில் காயம்பட்டவரைப் பாருங்கள், 911-ஐ அழையுங்கள். உள்ளே ஆள் இல்லாவிட்டாலும் அந்த வண்டியின் ஒலிபெருக்கி வழியாக நிறுவன ஊழியர் பேசுவார். அவரிடம் நடந்ததைச் சொல்லலாம், பிழை யாருடையது என்று வாதாட வேண்டாம். வண்டியின் பதிவு எண்ணையும் அதன் மேல் எழுதியிருக்கும் வரிசை எண்ணையும் படமெடுங்கள், நேரத்தை நிமிடக் கணக்கில் குறித்துக்கொள்ளுங்கள். அதன் கேமராக்கள் பதிந்ததை உங்கள் காப்பீட்டு நிறுவனம் கேட்டு வாங்க அந்த நிமிடம் தேவைப்படும். அழிக்காமல் வைக்கும்படி அதே வாரத்தில் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். நடுவழியில் நின்றுவிட்ட வண்டியைக் கையால் தள்ளவோ அதன் முன்னால் போய் நிற்கவோ கூடாது. எந்த நொடியில் மறுபடி நகரும் என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது.